செல்லும் பணமும் நிற்கும் பணமும்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. அச்சுக் குத்திய உலோகத் துண்டும் நாணயந்தான். சொன்ன சொல் தவறாத குணமும் நாணயந்தான். "அவர் நாணயஸ்தர்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவருடைய மடியில் காசு கனக்கிறது என்று யாரும் பொருள் கொள்வதில்லை. மடியில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அவரை நம்பிக் கொடுக்கலாம் என்றுதான் பொருள். பொருளாதார சாஸ்திரிகள் தடித்த புஸ்தகங்களில் விளக்க முயலும் விஷயத்தை நம்முடைய பாட்டிமார் ஒரே சொல்லில் முடிந்து வைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

'பணம்' என்ற சொல்லும் லேசான சொல்லல்ல. இப்போது அது பொதுப் பெயராகிவிட்டது. ஒரு காலத்தில் அது ஒரு குறிப்பிட்ட காசின் பெயர். கொங்கு நாட்டில் வழங்கிய 'வீரராயன் பணம்' என்ற சின்னஞ்சிறு பொற்காசின் எடை ஒரு கிராமில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். விரல் நுனியில் ஒட்டிக்கொண்டால் தேட வேண்டியிருக்கும். இன்னும் பழைய தமிழில் செல்வத்துக்கு 'மாடு' என்றே ஒரு பெயர். காங்கேயம் மாட்டுக்குப் பேர்போன சீமையில் இந்தச் சொல்லுக்கு உரை எழுதவேண்டிய அவசியமில்லை. இவையெல்லாம் ஒரு புறமிருக்க, 'செலாவணி' என்று வேறொரு சொல்லும் நம்மிடம் உண்டு. செல்லுபடியாவது எதுவோ, கைக்குக் கை செல்வது எதுவோ, அது செலாவணி.

பணம் வேறு, செலாவணி வேறு என்றால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். கையிலிருக்கும் நோட்டுத்தானே இரண்டும்? ஆனால் பல்லடத்துத் தறிக்காரர் ஒருவரின் சனிக்கிழமைக் கணக்கை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். அன்று கூலி வருகிறது. மறுநாள் அரிசி, எண்ணெய், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, கடைக்காரர் பாக்கி என்று அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. இந்தக் காரியத்துக்கு அவருக்கு வேண்டியது செலாவணி. ஊரில் எல்லோரும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும் ஏதாவது ஒன்று. அது காகிதமாயிருந்தாலென்ன, வெள்ளியாயிருந்தாலென்ன? ஒரு வாரத்துக்குள் அதன் மதிப்புக் கெட்டுவிடப் போவதில்லை. ஆனால் அந்தக் கூலியில் ஒரு சிறு பகுதியை எடுத்து, பன்னிரண்டு வருஷம் கழித்து நடக்கப்போகும் மகளின் கல்யாணத்துக்கென்று வைக்கிறாரே, அந்தப் பகுதி செலாவணியாக இருந்தால் மட்டும் போதாது. பன்னிரண்டு வருஷமும் அது தன் மதிப்போடு நிற்கவேண்டும். நிற்பதுதான் பணம்.

சாஸ்திரிகள் பணத்துக்கு மூன்று வேலைகள் சொல்லுவார்கள். பண்டமாற்றுக்குக் கருவியாயிருப்பது ஒன்று. விலையை அளக்கும் கோலாயிருப்பது இன்னொன்று. மதிப்பைச் சேமித்து வைக்கும் பத்தாயமாயிருப்பது மூன்றாவது. நெசவுச் சீமையில் இந்த இரண்டாவது வேலையைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லவேண்டாம். கஜக்கோல் வருஷத்துக்கு இரண்டு அங்குலம் சுருங்கிக்கொண்டே போனால் துணி வியாபாரம் என்ன கதிக்கு உள்ளாகும்? அளக்கிறவர் யோக்கியராகவே இருக்கலாம். ஆனாலும் பத்து வருஷத்துக்கு முன் 'நூறு கஜம்' என்று எழுதிய பத்திரத்துக்கும் இன்றைய நூறு கஜத்துக்கும் சம்பந்தமே இராது. காகித நாணயத்துக்கு நேருவது இதுதான். எண் மாறுவதில்லை, கோல் சுருங்குகிறது.

ரோமாபுரி வெள்ளி

கொங்கு நாட்டு மண்ணைத் தோண்டினால் இந்தப் பாடம் குடம் குடமாகக் கிடைக்கிறது. கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள வெள்ளலூரில் 1842ல் ஐந்நூறுக்கு மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் அகப்பட்டன. 1891ல் அதே ஊரில் மறுபடியும் ஐந்நூறுக்கு மேல். 1913ல் நொய்யல் பக்கத்துக் கத்தாங்கண்ணியில் 233. 1946ல் உடுமலைப் பகுதியில் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் அதிகம். பொள்ளாச்சியிலும் கரூரிலும் அகப்பட்டவை வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கடற்கரையிலிருந்து வந்த பாதை இந்த வழியாகத்தான் சென்றது. காங்கேயத்துக்கு அருகேயுள்ள படியூரில் பச்சைக்கல். நொய்யற்கரைக் கொடுமணலில் மணி கடையும் தொழிலும் இரும்புத் தொழிலும். சரக்கு மேற்கே போயிற்று. வெள்ளியும் பொன்னும் கிழக்கே வந்தன. இந்தியாவுக்கு மட்டும் வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் போகிறதே என்று ரோமாபுரியில் பிளினி என்ற பெரியவர் முதல் நூற்றாண்டிலேயே அங்கலாய்த்திருக்கிறார்.

இதில் ரஸமான சமாசாரம் என்னவென்றால், கொங்கு நாட்டுப் புதையல்களில் இருப்பவை பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற முதல் இரண்டு சக்கரவர்த்திகளின் வெள்ளிக் காசுகளே. பிறகு வந்தவர்களின் வெள்ளி மிகவும் அருமை. ஏன்? கி.பி. 64ல் நீரோ சக்கரவர்த்தி ஒரு காரியம் செய்தார். அதுவரை ஒரு ராத்தல் வெள்ளியில் 84 டினாரியஸ் காசுகள் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் 96 ஆக்கினார். செம்பையும் அதிகமாகக் கலக்கச் செய்தார். காசில் சக்கரவர்த்தியின் தலை முன்போலவே கம்பீரமாக இருந்தது. ரோமாபுரிக் கடைத்தெருவில் அந்தத் தலைக்காகவே காசு செல்லும். செல்லாது என்று சொன்னால் சொன்னவருடைய தலை போய்விடும். நம்முடைய வணிகர்களுக்கோ அந்தத் தலையினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர்கள் நிறுத்துப் பார்த்தார்கள், உரைத்துப் பார்த்தார்கள். பழைய காசே வேண்டும் என்றார்கள். பல அறிஞர்களின் அபிப்பிராயம் இதுதான்.

ஆக, ஒரே காசு ரோமாபுரியில் செலாவணி. கொங்கு நாட்டில் பணம். அங்கே அதற்கு மதிப்புக் கொடுத்தது அரசனின் ஆணை. இங்கே மதிப்புக் கொடுத்தது வெள்ளி. புதுக்கோட்டைச் சீமையில் 1898ல் அகப்பட்ட 501 ரோமானியப் பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அரசனின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டுப் போட்டிருக்கிறது. தேய்ந்த காசு மறுபடியும் சந்தையில் செல்லக்கூடாதென்று அடையாளம் போட்டார்கள் என்பது ஒரு கட்சி. உள்ளே கலப்படம் உண்டா என்று பார்த்தார்கள் என்பது மற்றொரு கட்சி. எப்படியானாலும் அந்த உளிக்குச் சக்கரவர்த்தியிடம் பயமில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நீரோவுக்குப் பின்னும் செம்பு கூடிக்கொண்டே போயிற்று. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோமானிய 'வெள்ளி'க் காசில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளி இருந்தால் அதுவே அதிகம். மேலே ஒரு வெள்ளிப் பூச்சு, உள்ளே செம்பு. இரண்டாயிரம் வருஷம் மண்ணில் கிடந்து வெளியே வந்த அகஸ்டஸ் காசின் வெள்ளியோ அப்படியே இருக்கிறது. அந்தக் குடங்களைப் புதைத்தவர்கள் திரும்பி வந்து எடுக்கவில்லை என்பதுதான் அவற்றிலுள்ள ஒரே நஷ்டம்.

பதினாறு பென்ஸா, பதினெட்டு பென்ஸா?

கம்பெனியார் 1799ல் கோயம்புத்தூர்ச் சீமையைத் திப்புவின் ராஜ்யத்திலிருந்து கைக்கொண்டபோது இங்கே வழங்கிய காசுகளின் கணக்குத் தலை சுற்றச் செய்யும். சென்னைக் கணக்கில் ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. உள்ளூர்ப் பணத்தின் கணக்கோ வேறு. இவற்றை மாற்றிக் கொடுப்பதே சராப்புகளுக்கு நல்ல ஜீவனமாயிருந்தது. 1818ல் சென்னை ராஜதானிக்கு வெள்ளி ரூபாய் பிரதான நாணயமாயிற்று. 1835ல் இந்தியா முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. எடை 180 குன்றி என்று நம்மவர்கள் தவறாகச் சொல்வார்கள்; அது 180 கிரெயின், அதாவது ஒரு தோலா. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி.

1893 வரையில் யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய் சர்க்கார் டங்கசாலையில் கொடுத்து, சிறு கூலி கழித்து, ரூபாயாக அடித்து வாங்கி வரலாம். ஆகையால் ரூபாயும் அதிலுள்ள வெள்ளியும் ஏறக்குறைய ஒரே விலை. ரூபாய் செலாவணியாகவும் இருந்தது, பணமாகவும் இருந்தது. அந்த வருஷம் சர்க்கார் டங்கசாலைக் கதவை ஜனங்களுக்கு மூடிவிட்டார்கள். உலகத்தில் வெள்ளி மலிந்து ரூபாயின் விலை இறங்கிக்கொண்டே போனதால், லண்டனுக்கு வருஷந்தோறும் கட்டவேண்டிய தொகை சர்க்காருக்குப் பெரும் பாரமாயிற்று. இனிமேல் ரூபாயின் விலை வெள்ளியைப் பொறுத்ததல்ல, சர்க்காரின் தீர்மானத்தைப் பொறுத்தது என்றாயிற்று. 1 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 16 பென்ஸ் என்று நிர்ணயம் செய்தார்கள். 1913ல் இந்திய நாணயத்தைப் பற்றி நூல் எழுதிய கீன்ஸ், ரூபாயை வெள்ளியின்மேல் அச்சிட்ட ஒரு நோட்டாகவே கருதினார். வெளிப்பார்வைக்கு எதுவுமே மாறவில்லை. அதே ராணி தலை, அதே கணீர் என்ற ஓசை.

இந்த நிர்ணயம் ஏதோ வெள்ளைக்காரர் கச்சேரி விவகாரம் என்று எண்ணிவிடக்கூடாது. பல்லடம் தாலூகாவில் பருத்தி போட்ட குடியானவனின் வயிற்றோடு அது சம்பந்தப்பட்டது. 1927ல் ரூபாயின் விலையை 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ் ஆக்கிச் சட்டம் செய்தார்கள். ரூபாயின் மதிப்பு ஏறிவிட்டதே, நல்லதுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிவர்பூலில் ஒரு பவுனுக்கு, அதாவது 240 பென்ஸுக்கு, விலை போகும் பருத்தி ஒன்று இருக்கிறது. 16 பென்ஸ் கணக்கில் அதற்கு 15 ரூபாய் கிடைக்கும். 18 பென்ஸ் கணக்கில் 13 ரூபாய் 5 அணா 4 பைதான். பருத்தி அதே பருத்தி. கிஸ்தியோ பழைய ரூபாய்க் கணக்கிலேயே நிற்கிறது. கடன் பத்திரமும் அப்படியே. ஸர் புருஷோத்தம தாஸ் தாகுர்தாஸ் கமிஷனிலிருந்துகொண்டே தம் கூட்டாளிகளோடு மாறுபட்டு 16 பென்ஸுக்காக வாதாடினார். 1930 ஜனவரியில் மகாத்மா காந்தி வைஸ்ராய்க்கு விடுத்த பதினொரு கோரிக்கைகளில், உப்பு வரி ஒழிப்போடும் மதுவிலக்கோடும், ரூபாயை 1 ஷில்லிங் 4 பென்ஸுக்குக் குறைக்கவேண்டும் என்பதும் ஒன்று. உப்பைப் பற்றி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. பென்ஸைப் பற்றி ஞாபகம் வைத்திருப்பவர்கள் சிலரே.

பிறகு விலைவாசி வீழ்ச்சிக் காலம் வந்தது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் பொன் நாணய முறையைக் கைவிட்டது. பவுனோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்த ரூபாயும் கூடவே இறங்கிற்று. தங்கத்தின் விலை ரூபாய்க் கணக்கில் ஏறிற்று. தானியமும் பருத்தியும் விலை போகாமல் தவித்த குடும்பங்கள் வீட்டுத் தங்கத்தை விற்று வரியும் வட்டியும் கட்டின. அடுத்த பத்து வருஷத்துக்குள் முந்நூறு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தங்கம் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போயிற்று. "நல்ல விலைக்குத்தானே விற்றார்கள்?" என்று அதிகாரிகள் சமாதானம் சொன்னார்கள். கழுத்திலிருந்ததைக் கழற்றி விற்பவள் நல்ல விலை பார்த்தா விற்கிறாள்? நிற்கும் பணத்தைக் கொடுத்துச் செல்லும் பணத்தை வாங்கினார்கள்; அது அந்த மாதமே தாலூகாக் கச்சேரிக்குச் சென்றுவிட்டது.

செல்லாத ரூபாயும் செல்லாத நோட்டும்

இரண்டாவது உலக யுத்தம் மூண்டதும் ஜனங்கள் நோட்டை நீட்டி வெள்ளி ரூபாய் கேட்டு வாங்கிப் பதுக்கலானார்கள். 1940ல் சர்க்கார் ரூபாயிலிருந்த வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். ஒரு ரூபாய் நோட்டையும் வெளியிட்டார்கள். பழைய விக்டோரியா ரூபாய் 1941 மார்ச்சுக்குப் பிறகு செல்லாது என்றும், எட்வர்டு ரூபாய் 1942 மே மாதத்துக்குப் பிறகு செல்லாது என்றும், ஜார்ஜ் மன்னர்களின் பழைய வெள்ளி ரூபாய் 1943ல் செல்லாமற்போகும் என்றும் வரிசையாக உத்தரவுகள் வந்தன. 1947ல் வெளிவந்த ரூபாயில் வெள்ளியே கிடையாது, சுத்த நிக்கல்.

விக்டோரியா ரூபாயைக் கொடுக்காமல் பெட்டிக்குள் வைத்தவர்கள் சட்டப்படி ஒரு செல்லாக் காசை வைத்திருந்தார்கள். அந்தச் செல்லாக் காசில் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருந்தது. 2024ஆம் வருஷத்தில் வெள்ளி கிராம் 90 ரூபாய் விற்றதென்று வைத்துக்கொண்டால் (அதற்கு மேலும் விற்றது), அந்த ஒரு ரூபாயின் வெள்ளி விலை 960 ரூபாய். ரிஸர்வ் பாங்கியில் ஒழுங்காக மாற்றி வந்த ஒரு ரூபாய் நோட்டு அதே 2024ல் ஒரு ரூபாய்தான். செலாவணி என்ற பதவி போனதால் அந்தக் காசுக்கு ஒரு குறையும் வரவில்லை.

யுத்த காலத்தில் நோட்டுப் புழக்கம் என்ன வேகத்தில் பெருகிற்று என்பதையும் சொல்லவேண்டும். 1939ல் இருநூறு கோடி ரூபாய்க்குக் குறைவாயிருந்தது, 1945ல் ஆயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. நம்முடைய ஆலைத் துணியையும் தானியத்தையும் யுத்தத்துக்கு எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக லண்டனில் நம் பேரில் ஸ்டெர்லிங் வரவு எழுதினார்கள். அந்த வரவைக் காட்டி இங்கே நோட்டு அச்சிட்டார்கள். யுத்த முடிவில் அந்தக் கணக்கு 1,700 கோடி ரூபாய் அளவுக்கு வந்திருந்தது. உண்மையான சாமான் கப்பலில் போயிற்று; நம்மிடம் நின்றது கணக்கு. 1943ல் கட்டுப்பாட்டுத் துணிக்கு வரிசையில் நின்ற குடும்பங்களுக்கு இதை விளக்கவேண்டிய அவசியமே இருந்திராது.

இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு நடந்தது. 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவோடு செல்லாது என்று பிரதம மந்திரி அறிவித்தார். 1946 ஜனவரியிலும் 1978 ஜனவரியிலும் இப்படி அறிவித்ததுண்டு. ஆனால் அப்போது செல்லாமற்போனவை பெரிய நோட்டுகள். சாதாரணக் குடும்பங்கள் அவற்றைக் கண்ணால் பார்த்ததுகூட அபூர்வம். 2016ல் செல்லாமற்போனவை, மதிப்புக் கணக்கில், தேசத்தில் புழங்கிய நோட்டுகளில் நூற்றுக்கு 86 பங்கு.

அந்த நள்ளிரவில் அந்த நோட்டுகள் எதை இழந்தன? யோசித்துப் பார்க்கவேண்டிய கேள்வி இது. மதிப்பை இழக்கவில்லை. டிசம்பர் 30க்குள் பாங்கியில் கட்டினால் ஒரு பைசாக் குறையாமல் கணக்கில் ஏறியது. கைக்குக் கை செல்லும் சக்தியை மட்டும் இழந்தன. விக்டோரியா ரூபாய் செலாவணி இல்லாத பணமானதுபோல், இவையும் சில வாரங்களுக்குச் செலாவணி இல்லாத பணமாயின. ஆனால் அந்த ரூபாய்க்குத் தன் வெள்ளியே துணை, இவற்றுக்கு பாங்கியின் கணக்குப் புஸ்தகமே துணை. செலாவணி இல்லாமல் ஒரு நகரம் எப்படி மூச்சு முட்டும் என்பதைத் திருப்பூர் வட்டாரம் அப்போது கண்டது. பனியன் கம்பெனிகளிலும் தறிக்கூடங்களிலும் வாராவாரம் சனிக்கிழமை ரொக்கமாகக் கூலி கொடுப்பதே வழக்கம். நடப்புக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாதென்று வரம்பு. ஐம்பது பேருக்குக் கூலி கொடுக்கவேண்டிய முதலாளி அதை வைத்துக்கொண்டு தலைக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்கலாம். பீஹாரிலிருந்தும் ஒடிஸ்ஸாவிலிருந்தும் பிழைக்க வந்து, பாங்கிக் கணக்கே இல்லாமலிருந்தவர்கள் என்ன செய்வார்கள்? மளிகைக்கடைக்காரர் நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிக்கொண்டு கொடுத்த இடங்களில் அடுப்பு எரிந்தது. சர்க்கார் நாணயம் ஓய்ந்திருந்த வாரங்களில் மற்ற நாணயம், அந்த இரண்டாவது அர்த்தத்திலுள்ளது, கொஞ்சம் வேலை செய்தது.

கடைசியில் 15.41 லட்சம் கோடி ரூபாய் நோட்டுகளில் 15.31 லட்சம் கோடி பாங்கிகளுக்குத் திரும்பி வந்துவிட்டதாக 2018ல் ரிஸர்வ் பாங்கி கணக்குக் காட்டியது.

நோட்டைப் பற்றி இன்னொரு வேடிக்கை. பத்து ரூபாய் முதல் எல்லா நோட்டிலும் 'கொண்டுவருபவருக்கு இத்தனை ரூபாய் கொடுப்பதாக வாக்களிக்கிறேன்' என்ற கருத்துள்ள வாசகமும், ரிஸர்வ் பாங்கி கவர்னரின் கையெழுத்தும் இருக்கும். ஒரு ரூபாய் நோட்டு வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் வாக்குறுதியும் இல்லை, கவர்னர் கையெழுத்தும் இல்லை. மத்திய சர்க்காரின் நிதி இலாகாக் காரியதரிசி கையெழுத்திட்டிருப்பார். சட்டத்தின் பார்வையில் அது காகிதத்திலான ரூபாய். நூறு ரூபாய் நோட்டின் வாக்குறுதியைக் கொண்டுபோய் நிறைவேற்றும்படி கேட்டால், அதுபோன்ற ரூபாய்கள் நூறு கிடைக்கும். வேறொன்றும் கிடைக்காது. ஏமாற்று வேலை என்று இதைச் சொல்லிவிடவும் முடியாது. ஊர் முழுவதும் வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையும், அச்சிடுகிறவர் அளவோடு அச்சிடுவார் என்ற நம்பிக்கையும் இருக்கும்வரை அந்தக் காகிதம் நன்றாகவே வேலை செய்கிறது.

அப்படியானால் தங்கத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டால் கவலை தீர்ந்ததா? நம்முடைய இல்லத்தரசிகள் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நீண்ட காலக் கணக்கில் அவர்கள் கட்சி தோற்றதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். 2014ல் 20,000 ரூபாயைச் சற்றே தாண்டியிருந்த சவரன், 2021 கடைசியில் 35,000க்கு மேல் விற்றது. 2024 மார்ச்சில் 50,000ஐத் தாண்டியது. ஆனால் 2012 கடைசியில் 24,000 ரூபாய் சுமாருக்குச் சவரன் வாங்கி, 2015ல் அவசரத்துக்கு விற்றவர்களையும் கேட்கவேண்டும். அப்போது விலை 20,000க்கும் கீழே இறங்கியிருந்தது. தங்கம் நிற்கும் பணந்தான். நாம் கேட்கும் நாளில் நிற்கும் என்று அது யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. செய்கூலி, சேதாரம் என்று போகும்போதும் ஒரு துண்டு, திரும்பும்போதும் ஒரு துண்டு. தவிர, பெட்டிக்குள்ளிருக்கும் தங்கம் ஒரு மீட்டர் துணிகூட நெய்யாது. வீட்டு நகையை அடகு வைத்துத் தறி வாங்கியவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். நிற்கும் பணத்தைச் செல்லும் பணமாக்கி, அதையும் ஓடும் யந்திரமாக்கினார்கள். பாங்கி வட்டியோ? 2021ல் நீண்டகால டெபாஸிட்டுக்குப் பெரிய பாங்கிகள் கொடுத்தது ஐந்தரை சதவீதத்துக்குள். விலைவாசியும் ஏறத்தாழ அதே அளவு ஏறிற்று. வருஷ முடிவில் பாஸ் புஸ்தகத்தில் எண் பெருத்திருக்கும். சந்தையில் வாங்கும் சாமான் அதே கூடைதான்.

மீட்டர் கூலி

தங்கமோ டெபாஸிட்டோ வைத்திருப்பவர்களுக்காவது இப்படியா அப்படியா என்று தேர்ந்துகொள்ள இடமிருக்கிறது. உழைப்பையே ரூபாய்க் கணக்கில் முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டவர்களின் நிலைமை வேறு. பல்லடம், சோமனூர், அவிநாசி, மங்கலம் சுற்றுவட்டாரத்து விசைத்தறிக்காரர்களில் பெரும்பாலோர் சொந்தத்தில் நூல் வாங்கித் துணி விற்பவர்களல்ல. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுக்கிறார். தறிக்காரர் காடாத் துணியாக நெய்து கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார். பருத்தி விலை ஏறினாலும் இறங்கினாலும், துணி அயல் நாட்டில் டாலருக்கு விற்றாலும், அவருக்கு வருவது பேசிய ரூபாய். 1991 ஜூலையில் டாலருக்கு 26 ரூபாய் என்ற அளவுக்கு வந்த நம் நாணயம் 2022ல் 80ஐத் தாண்டிற்று. டாலரில் விலை பேசும் திருப்பூர் ஏற்றுமதிக்காரருக்கு அதனால் கையில் ரூபாய் கூடும், அவர் வாங்கும் சாயமும் யந்திரமும் விலை ஏறும் என்பது வேறு விஷயம். 1927ல் பருத்திக் குடியானவன் கேட்ட 16 பென்ஸ் நியாயம் இதே ஜாதியைச் சேர்ந்தது. பல்லடத்துத் தறிக்காரரோ அந்தப் பக்கத்திலும் இல்லை, இந்தப் பக்கத்திலும் இல்லை. ரூபாய் இறங்கினால் அவருக்கு லாபமில்லை. விலை ஏறினால் நஷ்டம் மட்டும் உண்டு.

2014ல் பேசிய கூலி அப்படியே நின்றது. 2021 முடிய விலைவாசி ஏறத்தாழ 40 சதவீதம் ஏறிற்று. 2014ல் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான்களுக்கு 140 ரூபாய் வேண்டும். கையில் வருவது அதே 100. பழைய கோலால் அளந்தால் கூலி 71 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. யாரும் அவருடைய கூலியைக் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் மறுநாளே தறிகள் நின்றிருக்கும். ஏழு வருஷத்தில் இருபத்தொன்பது ரூபாயை ஓசைப்படாமல் எடுத்துக்கொள்ள வேறு எந்த முறையாலும் முடிந்திராது.

2021 நவம்பரில் மந்திரிகள் முன்னிலையில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும், பல்லடம் ரகத்துக்கு 20 சதவீதமும் உயர்த்துவதென்று முடிவாயிற்று. அது நடைமுறைக்கு வராததால் 2022 ஜனவரியில் கோயம்புத்தூர், திருப்பூர் ஜில்லாக்களில் தறிகள் ஓய்ந்தன. பல வாரம் கழித்து 19, 15 என்று மறுபடி பேசி முடித்தார்கள். பல்லடத்துக் கணக்கில் 100 ரூபாய் 115 ஆயிற்று. பழைய கோலால் அது 82. அதே வருஷம் செப்டம்பரில் மின்சாரக் கட்டணமும் ஏறிற்று. 2025 மார்ச்சில் தறிகள் மறுமுறையும் நின்றன. ஏப்ரலில் சோமனூர் ரகத்துக்கு 15, மற்ற ரகங்களுக்கு 10 சதவீதம் என்று தீர்ந்தது. தறிக்காரர்கள் அந்தத் தடவை கேட்டது கூலி உயர்வை மட்டுமல்ல. பேசிய கூலிக்குச் சட்டப் பாதுகாப்பும் வேண்டும் என்று கேட்டார்கள். சட்டம் வந்து பேசிய ரூபாயைக் காப்பாற்றிக் கொடுத்தாலும், அந்த ரூபாய் எத்தனை படி அரிசி வாங்கும் என்பதை எந்த ஒப்பந்தத்தில் எழுதுவது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. மீட்டர் கூலியை விலைவாசிக் குறியீட்டோடு சேர்த்துக் கட்டலாம். சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் பஞ்சப்படி அப்படித்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது.